நடுங்கும் பனி

கடையின் பின்னறையில் அவளை எல்லோரும் பனி என்றுதான் கூப்பிட்டார்கள். குளிர்கால விடுமுறை நெருங்கினால், அந்தக் கேக் கடையில் விற்கும் ஒவ்வொரு கேக்கின் தலையிலும் உட்காரும் சர்க்கரைப் பனிச்செதில்கள் அவள் கையால் ஆனவை. முட்டையின் வெள்ளைக்கருவோடு சர்க்கரைப் பொடியைச் சேர்த்து அடித்து, காகிதக் கூம்பில் நிரப்பி, நுனியைக் கத்தரியால் இத்துனூண்டு வெட்டுவாள். மேசைமேல் செதிலின் படம், படத்தின்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். கூம்பால் தாளைத் தொட்டதும் கையை உயர்த்த வேண்டும். ஐசிங் நூலாகத் தொங்கும். அந்த நூலைக் கோட்டின்மேல் கிடத்த வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோகும், தயங்கினால் உருண்டுவிடும். காய்ந்தபின் தாளை மேசை ஓரத்தில் மெல்ல வளைத்தால் செதில் தானாகக் கழன்றுகொள்ளும். அப்போது உடைந்தால் முதலாளி திட்டமாட்டார். சுவரைப் பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

பக்கத்து மேசையில் வண்ணம் கலக்குபவளுக்கு ரேடியோ என்று பெயர். பனியைவிட மூத்தவள். மூக்கில் வழுக்கும் கண்ணாடி, ஓயாத வாய். மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதிலிருந்து எதிர்வீட்டுக்காரன் கதவைச் சாத்தும் தினுசு வரைக்கும் அவளிடம் செய்தி உண்டு. அலமாரிமேல் நிஜ ரேடியோ ஒன்று இருந்தது. அதை யாரும் போடுவதில்லை.

இந்த வருடம் முதல் தட்டிலேயே பனியின் வலது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. தொங்கிய நூல் காற்றில் ஆடுவதுபோல ஆடி, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெளிந்து விழுந்தது. ஜன்னல் திறந்திருக்கிறதோ என்று திரும்பிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

காய்ந்ததும் யாருக்கும் தெரியாமல் நொறுக்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் முதலாளி வந்து ஒரு செதிலைத் தாளோடு எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். போயிற்று வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, வேணும்னேதான் இப்படிப் போட்டியா?”

“ஆமா” என்றாள்.

“குளிர்ல நடுங்குற மாதிரியே இருக்கு. இந்த வருஷம் இதுதான்.”

மறுநாள் கடை வாசலில் பலகை தொங்கியது: நடுங்கும் பனி. கண்ணாடிக்கு வெளியே நின்று ஆட்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவனுக்குக் கை நடுங்கும் விஷயம் முன்பே தெரியும். அவள் கோப்பையில் மட்டும் டீயைப் பாதிக்குமேல் ஊற்றுவதை நிறுத்தியிருந்தான். ஒரு விடுமுறை நாளில் அவளைப் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி போடச் சொன்னார். அவள் வாழ்க்கையில் எத்தனையோ சுழிகள் போட்டவள். இதைப் போட்டு முடித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். இது போகாது, மெதுவாகக் கூடிக்கொண்டுதான் வரும், மாத்திரை கொஞ்ச காலம் அடக்கி வைக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் கணவன், “விடு, எனக்கு விசிறி விட ஒரு ஆள் ஆச்சு” என்றான். அவள் சிரித்தாள். சாவியைத் துவாரத்துக்குள் நுழைக்க அவனுக்குத்தான் நேரம் பிடித்தது.

மாத்திரை சொன்னபடி கேட்டது. ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை மாதிரி கை அடங்கி உட்கார்ந்தது. ஒரு நாள் காலை அவள் போட்ட செதில்களைப் போல அதற்குமுன் போட்டதில்லை என்று அவளுக்கே தோன்றியது. ஒவ்வொரு கோடும் வாள் மாதிரி இருந்தது. முதலாளி தட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

“என்னம்மா, பழசுக்கே போயிட்ட? வாசல்ல பலகை ஒண்ணு சொல்லுது, உள்ள கேக் ஒண்ணு சொல்லுது.”

அடங்கிய கையை வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தாள். குடிகாரன் கையெழுத்துப் போல வந்தது. பொய் நடுக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தாள். நோய் என்று தெரிந்தால் முதலாளி அவளை உணவுச் சாமானின் பக்கமே விடமாட்டார். பலகையையும் கழற்றிவிடுவார். யாருடைய வியாதியோ தங்கள் கேக்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? இந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு மேசை கிடையாது. கூம்பைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை அவள் கற்றுக்கொண்டதில்லை.

மாத்திரையை நிறுத்தினாள்.

நடுக்கம் திரும்பி வந்தது. ஆனால் அழகாக இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு வாரம் செதில்கள் பலகையில் சொன்னபடியே இருந்தன. அதற்குப்பின் கிளைகள் ஒன்றோடொன்று மோதின, நடுப்புள்ளி நடுவில் விழவில்லை. மாத்திரையை உடைத்துப் பாதி போட்டுப் பார்த்தாள். முற்பகலில் சிறிது நேரம் மட்டும் கை சரியான அளவுக்கு நடுங்கியது. அந்த நேரத்துக்காகக் கூம்புகளை நிரப்பி, காய்ந்துபோகாமல் ஈரத் துணியால் மூடிவைத்துக் காத்திருப்பாள். நேரம் வந்ததும் தலை நிமிராமல் போடுவாள். அது நழுவிப் போனபின் மிச்சப் பொழுதை டப்பாக்களைத் துடைப்பதிலும், பிசுக்கில்லாத கிண்ணத்தை மறுபடி பிசுக்கு எடுப்பதிலும் ஓட்டினாள்.

டீத்தூள் டப்பாவுக்குள் மாத்திரை அட்டையைக் கணவன் கண்டுபிடித்தான்.

“இது எதுக்கு இங்க இருக்கு?”

“விடுமுறை வேலை முடியற வரைக்கும்தான்.”

“அடுத்த வருஷமும் குளிர்காலம் வரும்ல?”

“அப்ப கை இருந்தா பாத்துக்கலாம்ங்க.”

அவன் டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். மறுநாளிலிருந்து அவளுக்கு டீயை இன்னும் கொஞ்சம் குறைத்து ஊற்றினான்.

ஆர்டர்கள் குவிந்தன. ரேடியோவும் செதில் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். ரேடியோவுக்குக் கூம்பு பிடிக்கத் தெரியும், கேக்மேல் பெயர் எழுதியவள்தான். நடுங்கத்தான் தெரியவில்லை. அவள் போட்ட செதில் ரயில் தண்டவாளம் மாதிரி இருந்தது.

நடுங்குவதற்கெல்லாம் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று அறை முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் மாமியாரைப் பார்த்தாலே தானாக வந்தது, இப்போது மாமியார் செத்து அந்தத் திறமையும் போய்விட்டது என்றாள். அடுப்புப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். ரேடியோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பனியின் அருகே வந்தாள்.

“நீ என் கையைப் புடிச்சுக்க. சைக்கிள் கத்துக் குடுக்கற மாதிரி. எனக்கு அந்த ஆட்டம் பிடிபட்டாப் போதும்.”

முற்பகல் கடந்துவிட்டிருந்தது. பனி வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் ரேடியோ மணிக்கட்டை நீட்டிவிட்டாள். கொழுத்த, உறுதியான, சூடான மணிக்கட்டு. பனி அதைப் பிடித்துக்கொண்டாள்.

நூல் இறங்கியது. பனியின் நடுக்கம் ரேடியோவின் உறுதியான கைக்குள் போய், அங்கே பாதி தேய்ந்து, மீதி கூம்பின் நுனிக்கு வந்தது. செதில் அசலாக விழுந்தது. வாசலில் பலகை சொன்ன அதே பனி. இந்த வருடம் போட்டவற்றில் இதுதான் சிறந்தது என்று பனிக்குத் தெரிந்தது.

“பாத்தியா, வந்துருச்சு” என்றாள் ரேடியோ. இன்னொன்று போட்டார்கள். மூன்றாவதில் கிளை கோட்டைவிட்டு விலகியது.

“கொஞ்சம் கம்மியா ஆட்டு.”

பனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நூல் அறுந்தது.

“கம்மி பண்ணுடி. தாளை விட்டே வெளிய போகுது.”

“நான் ஆட்டலக்கா.”

ரேடியோ சிரிக்க வாயெடுத்தாள். பிறகு தன் மணிக்கட்டின்மேல் இருந்த கையைப் பார்த்தாள். அது தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கூம்பைக் கீழே வைத்துவிட்டு, மற்றொரு கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள். அப்படியும் அது நிற்கவில்லை. இரண்டு கைகளுக்கு நடுவே அகப்பட்ட குருவி மாதிரி துடித்தது.

ரேடியோ எதுவும் பேசவில்லை. அந்த அறைக்கு அது பழக்கமில்லாத சத்தம். அடுப்பு ஊழியர் திரும்பிப் பார்த்தார். தட்டு கழுவுகிறவர் குழாயை மூடினார். முன்பக்கத்திலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

“என்ன, ரேடியோ நின்னு போச்சு? கரன்ட் போயிடுச்சா?”

யாரும் சிரிக்காததால் உள்ளே வந்தார். பனி கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். முதலாளி தாளைக் குனிந்து பார்த்தார். முதல் இரண்டு செதில்களையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“இது ரேடியோ போட்டதா? அசல் பனி போட்டது மாதிரியே இருக்கே. அப்புறம் என்ன, ஆளுக்கொரு மேசையில உக்காந்து போடுங்க. ரெண்டு பங்கு வரணும்.”

அவர் போகவில்லை. நின்று பார்க்க விரும்பினார். பனி தன் பக்கத்துப் படத்தின்மேல் புதுத் தாளைப் பரப்பினாள். ஈரத் துணியை விலக்கிக் கூம்பை எடுத்தாள்.

அப்போதுதான் ரேடியோவுக்குக் குரல் திரும்பியது. மருமகள் கதையைச் சத்தமாக ஆரம்பித்தாள். காலையில் அறை முழுக்கக் கேட்ட அதே கதை. அதை முதலிலிருந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்து, கையை வீசி வீசிச் சொன்னாள். இதைத்தான் காலையிலேயே சொன்னாயே என்று அவர் சொல்லியும் நிறுத்தவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. கூம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் தொங்கியது. கீழே கோடு காத்திருந்தது. பனி கையை இறக்கினாள்.