இரவல் சோபா

வீட்டு வறுமையைக் கண்ணால் பார்த்து உதவி செய்ய வருகிறவளுக்கு ஆட்டுக்கறி வாங்கிச் சமைத்துப் போடுகிற கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? லாஸ் வேகஸ் நகரத்தின் கிழக்குக் கோடியில், ஒரு பழைய குடியிருப்பின் மாடியில், ஜூலை மாதத்து வெயிலில் அது நடந்தது. ஷகீபா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். விடிந்ததிலிருந்து புருஷனோடு மல்லுக்கு நின்றாள்.

"ஏங்க, அந்தம்மா நம்ம கஷ்டத்தைப் பாக்கத்தான் வர்றாங்க. இருக்கிறபடியே இருப்போமே. மூடி மறைச்சா வீடு எப்படிங்க கிடைக்கும்?"

"ஹோஸ்னா அம்மா, என் வாசப்படி ஏறி வர்றவங்க எனக்கு விருந்தாளி," என்றான் மிர்வைஸ். மகள் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான். "காபூல்ல எங்கப்பா வீட்டுக்கு வந்தவன் ஒருத்தனாவது வெறும் வயித்தோட போனதுண்டா? வெறுந்தரையில உக்கார வெச்சு, பாருங்க நாங்க பிச்சைக்காரங்கன்னு காட்டச் சொல்றியா?"

"வீடு போச்சுன்னா அதைத்தானே செய்யப் போறோம்!"

"நான் இன்னும் சாகல," என்றான் அவன். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

விஷயம் இதுதான். குடியிருப்பை யாரோ வாங்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள், அதாவது இன்னும் இரண்டே நாளில், எல்லோரும் காலி செய்ய வேண்டும். மிர்வைஸ் காபூலில் அமெரிக்கர்களின் கிடங்கையே கட்டி ஆண்டவன். இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறான். அகதிகளுக்கென்று கொடுத்த உதவிப் பணம் எட்டு மாதத்தில் நின்றுபோனது. கடன் வாங்கிக் கட்டிய சரித்திரம் இல்லாதவனுக்கு இந்த ஊரில் எவனும் வீடு தரமாட்டான். கடனே வாங்காமல் வாழ்ந்தவனை நம்பாத ஊர் இது, என்னத்தைச் சொல்ல! கடைசியில் ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் குறைந்த வாடகைக்கு மூன்று அறை வீடு ஒன்று இருப்பதாகத் தெரிந்து மனுப் போட்டார்கள். வடிகட்டி வடிகட்டி இரண்டு குடும்பங்கள் மிஞ்சின. லொரேன் என்கிற அம்மாள் இன்று இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். கிடைக்காவிட்டால் நெப்ராஸ்கா மாநிலத்தில் மிர்வைஸின் அண்ணன் வீட்டு நிலவறைதான் கதி. நிலவறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அண்ணியின் நாக்கை யார் பொறுப்பது?

இருந்தும் புருஷன் சொன்னபடியே வீட்டை ஜோடிக்க ஷகீபா கிளம்பினாள். தெரிந்த ஆப்கானியர், ஹெராத் ஊர்க்காரர்கள், வீட்டிலிருந்து தரைவிரிப்பு வந்துவிட்டது. உட்கார ஏதாவது வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி கெஹாவ் ஹவாயிக்காரி. காலையில் சூதாட்ட விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை, சாயங்காலம் முதியோர் இல்லத்தில் வேலை. புருஷன் காவிகா காவலாளி. ஒரு முறை முதுகு பிடித்துக்கொண்டு அவன் மூன்று மாதம் படுத்ததில் வாடகை நின்று, முந்தைய வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போய் வெளியேற்றினான். அந்தக் கறை இன்னும் போகவில்லை. ஐந்து பிள்ளைகள். கெஹாவும் ஷகீபாவும் மாடிப்படியில் உட்கார்ந்தால் யார் பாடு பெரிய பாடு என்று வம்படிப்பார்கள். "நீ குண்டுக்குப் பயந்து ஓடி வந்தே, நான் வாடகைக்குப் பயந்து ஓடி வந்தேன்," என்பாள் கெஹாவ். "உனக்காவது அகதின்னு ஒரு பேரு குடுத்தான், எட்டு மாசம் சோறு போட்டான். எங்க ஊர்ல எங்க பாட்டன் மண்ணுல எவனோ விடுதி கட்டி உக்காந்திருக்கான், எனக்கு என்ன பேரு?" ஷகீபா விடமாட்டாள். "உங்களுக்கு ஊர்னு ஒண்ணு இருக்குல்ல அக்கா, டிக்கெட் வாங்கினாப் போயிடலாம்." "போயி? கடற்கரையில கூடாரம் போடவா?" என்று கெஹாவ் சிரிப்பாள்.

இப்படிப் பழகியும், தர்ம வீட்டுக்கு மனுப் போட்டதை ஷகீபா அவளிடம் மூச்சுவிடவில்லை. வெட்கம்தான், வேறென்ன?

"அக்கா, ஒரு விருந்தாளி வர்றாங்க. உங்க சோபாவை மத்தியானம் வரைக்கும் குடுக்க முடியுமா?"

கெஹாவ் அவளையே பார்த்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "காவிகா, எந்திரி!"

"நான் அதுலதானே உக்காந்திருக்கேன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"சோபாவைத்தான் கேட்டா. உன்னையும் சேத்துக் கேக்கல. எந்திரிய்யா!"

காவிகா முதுகைப் பிடித்துக்கொண்டே தூக்கினான். சோபாவோடு மேஜை போனது, நான்கு நாற்காலிகள் போயின, நின்று சுழலும் மின்விசிறியும் போனது. "வேற என்ன வேணும், கேளு," என்று கெஹாவ் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஷகீபாவும் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு லொரேன் வந்தாள். நல்ல மனுஷி, வெயிலில் முகம் சிவந்து வந்தவள் மின்விசிறிக்கு எதிரே சோபாவில் சாய்ந்து, அப்பாடா என்றாள். காரட்டும் திராட்சையும் மேலே தூவிய புலாவ் வந்தது, கறி வந்தது, தயிர் ஊற்றிய மந்து என்கிற கறிக்கொழுக்கட்டை வந்தது. அவள் தட்டில் இடம் காலியாகும் முன்பே மிர்வைஸ் அள்ளி வைத்தான்.

"இங்கே உங்களுக்கு என்னென்ன சிரமம்னு சொல்லுங்க," என்று கேட்டாள் லொரேன்.

"ஒரு குறையும் இல்லீங்க, ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கோம்," என்றான் மிர்வைஸ்.

ஷகீபா பல்லைக் கடித்தாள். சொல்லுங்களேன், கூரை ஒழுகுவதைச் சொல்லுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினாள். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பிள்ளைங்க எங்கே தூங்குறாங்க?"

"உள்ளே தனி ரூம் இருக்குங்க," என்றான் அவன், சாத்தியிருந்த கதவைக் காட்டி. "இன்னும் ரெண்டு மந்து வெச்சுக்கங்க."

லொரேன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டப்போ ரொம்பக் கவலையா இருந்துச்சு. இப்போ பாத்ததும் மனசு நிம்மதியாச்சு. அந்த இன்னொரு குடும்பமும் இந்த மாடியிலதானாமே. எந்த வீடு, காட்டுறீங்களா?" அவள் சொன்ன பெயர் கெஹாவின் பெயர்.

போட்டி அக்காவோடுதானா என்று ஷகீபா விழித்தாள். வழிகாட்ட அவள்தான் போனாள், விருந்தாளியைத் தனியே அனுப்புகிற வழக்கம் இல்லையே!

கெஹாவ் கதவைத் திறந்தாள். கூடம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உட்கார ஒரு பலகைகூட இல்லை. தரையில் பாய் விரித்து, சோறும் கோழிக்கறியும் அன்னாசித் துண்டுகளும் பரப்பி, சுவரோரமாக ஐந்து பிள்ளைகளும் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். லொரேன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏழு பேர் இருக்கீங்க," என்றாள் மெதுவாக. "ஒரு நாற்காலிகூட இல்லையா? இந்த வெயில்ல ஒரு விசிறி?"

கெஹாவ் வாயைத் திறக்கவில்லை. ஷகீபாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அடிப்பாவி! ஷகீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்கும் இன்று ஆள் வருவது காலையிலேயே தெரியும். தெரிந்துதான் மேஜை வேண்டுமா, விசிறி வேண்டுமா என்று அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறாள். என் வீட்டை நிரப்பி, தன் வீட்டைக் காலி செய்துகொண்டாளே! ஓங்கி ஒரு அறை விடலாம்போல் கை பரபரத்தது.

லொரேனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்குட்டிப் பெண்ணின் தலையைத் தடவினாள். "ஐயோ பாவம்," என்றாள். "எப்படித்தான் வளக்குறீங்களோ!"

அவ்வளவுதான். கெஹாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பாவமா? யாரு பாவம்? என் பொண்ணா?" என்று எகிறினாள். "என் வீட்ல எல்லாம் இருக்கு. இப்போ நீங்க சாஞ்சு உக்காந்து சாப்பிட்டீங்களே, அது என் சோபா! காத்து வாங்குனீங்களே, அது என் விசிறி! ராப்பகலா உழைச்சு வாங்குனது. பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுத்திருக்கேன். தலையை எல்லாம் தடவ வேணாம்!"

காவிகா பின்னாலிருந்து, "கெஹாவ், கெஹாவ்," என்று முணுமுணுத்தான். அவள் சொல்லி முடித்துவிட்டாள். சொன்னபிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லொரேன் ஷகீபாவின் பக்கம் திரும்பினாள். ஷகீபாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் நிலவறை ஞாபகம் வந்தது, மாதக் கடைசி ஞாபகம் வந்தது. லொரேனின் கையைப் பிடித்தாள், தரதரவென்று தன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனாள். சாத்திய கதவுக்குக் குறுக்கே மிர்வைஸ் நின்றான்.

"வேணாம், ஹோஸ்னா அம்மா."

"தள்ளுங்க!"

"விருந்தாளி முன்னாடி..."

"தள்ளுங்கன்னா!" அவள் கதவைத் திறந்தாள். ஒரே மெத்தை. அதில் நான்கு பிள்ளைகள் சத்தம் போடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேலே கூரைப் பலகை பெயர்ந்து கம்பி தெரிந்தது. சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. குளிர்சாதனம் செத்து வாரங்கள் ஆகின்றன, அறை அனல் கக்கியது. சின்னவன் இருமினான், இருமல் நிற்கவே இல்லை.

"இதுதாங்க எங்க வீடு," என்றாள் ஷகீபா. "விரிப்பு இரவல், சோபா இரவல், கறி கடனுக்கு வாங்கினது. எங்களுக்குக் குடுங்க அந்த வீட்டை. அவங்களுக்கு வேணாம். அவங்க இந்த நாட்டுக்காரங்க, பாஷை இருக்கு, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு, எப்படியாவது பொழைச்சுப்பாங்க. எங்களுக்கு ஒருத்தருமே இல்லீங்க. எங்களுக்குக் குடுங்க!"

அழுது முடித்துத் திரும்பினால் வாசலில் கெஹாவ் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. வீடு ஷகீபாவுக்கு. "உங்க குடும்பம் ஆறு பேர் மட்டும்தான் இருக்கணும், வேற யாரையும் தங்க வெக்கக் கூடாது. மாசாமாசம் நான் வந்து பாப்பேன்," என்றாள் லொரேன். பிள்ளைகள் குதித்தார்கள். மிர்வைஸ் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை.

சோபாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. எத்தனை நேரம்தான் ஒளிவது? ஷகீபா மனதைத் திடப்படுத்திக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படிக்குக் கீழே கெஹாவின் பழைய வேன் நின்றது. பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தை விரித்திருந்தார்கள். காவிகா கூரையில் மூட்டைகளை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, சோபா..."

"நீயே வெச்சுக்கோ. அதை வேன்ல ஏத்துனா நாங்க எங்கே படுக்கிறது?" கெஹாவ் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"உங்களுக்கும் ஆள் வர்றாங்கன்னு நேத்தே ஏன் சொல்லல?"

"நீ வந்து கேட்டுட்டே. கேட்டப்புறம் இல்லேன்னா சொல்ல முடியும்?" என்றாள் கெஹாவ். "சூழ்ச்சி பண்ணிட்டேன்னு நெனைச்சியா? சத்தியமா இல்ல. ஆனா அந்தம்மா உள்ளே வந்து மலைச்சு நின்னாங்களே, அப்போ ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். வீடு கைக்கு வந்துட்ட மாதிரி அவ்வளவு சுகமா இருந்துச்சுடி. பாழாப்போன திமிரு, என்னைப் பேச வெச்சுடுச்சு. நீ கேட்டே, உனக்குக் கிடைச்சுது. எனக்குக் கேக்க வரல."

நான் இவளைத் தள்ளிவிட்டுத்தானே வாங்கினேன் என்று ஷகீபாவின் நெஞ்சை அறுத்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், காபூலில் எவளும் இந்த இடத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னாள்.

"எங்க வீடு உங்க வீடுதான் அக்கா. எல்லாரும் வந்து எங்ககூடவே இருங்க."

அது வாய் உபசாரம். சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவளுக்கும் தெரியும். அதெல்லாம் எதுக்கு, சிரமம் வேண்டாம் என்று கேட்கிறவள் மறுப்பாள். சொல்கிறவள் மறுபடி வற்புறுத்துவாள். அவள் மறுபடி மறுப்பாள். இருவருக்கும் மரியாதை, யாருக்கும் நஷ்டமில்லை. கெஹாவ் பிறந்த ஊரில் இந்தக் கணக்கே கிடையாது. அங்கே வா என்றால் வா என்றுதான் பொருள், வரமாட்டேன் என்றால் அழைத்தவளின் முகத்தில் காறித் துப்பியதுபோல.

கெஹாவ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சரி," என்றாள். "எப்போ வரணும்?"

ஐயோ, என்ன வேலை செய்துவிட்டேன்! ஆறு பேர் மட்டும் என்று லொரேன் சொன்னது ஷகீபாவின் காதில் மணியடித்தது. மூன்று அறையில் பதின்மூன்று பேர். அடுத்த மாதம் வந்து பார்த்தால் அத்தனை பேரும் தெருவில். வாயைத் திறந்தாள், இல்லை என்ற சொல் வரவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்த மிர்வைஸ் இறங்கி வந்தான். கொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவன் நேராக வேனிடம் போய், காவிகா கட்டிய கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"பெரிய ரூம் உங்களுக்கு," என்றான் காவிகாவிடம். "நீங்க ஏழு பேர்."

ஷகீபா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, யாரையும் தங்க வெக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே."

"விருந்தாளி வரக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"எத்தனை நாளைக்குங்க விருந்தாளி?"

"அதை விருந்தாளிகிட்ட கேக்கக் கூடாது," என்றான் மிர்வைஸ். நேற்றிலிருந்து பேசாதவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "மாசாமாசம் அந்தம்மா வர்ற அன்னிக்கு என்ன செய்றதுன்னு நீ யோசி. பேசத்தான் உனக்கு வருதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, பயமோ போகவே இல்லை. அவள் மறு பக்கத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.