கரண்டைக் கண்டால் முறுக்கிக்கொண்ட ஃப்ரிட்ஜ்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கரண்ட் சமாசாரம் என்றால் தண்ணி பட்ட பாடு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அதில் அவருக்கு நியாயமான பெருமை உண்டு. நியாயத்துக்குக் கொஞ்சம் மேலேயும் உண்டு.

அந்தப் பெருமையில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மனைவியின் தம்பிக்கு ஏரிக்கரைத் திடலில் கல்யாணம். மனைவி கேக் செய்து விற்பவள். தம்பிக்கான கேக்கை இன்னொருத்தர் செய்ய விடுவாளா? இரண்டு அடுக்கு, முழுக்கக் கிரீம், மேலே கிரீமிலேயே பிழிந்த ரோஜாக்கள். கொண்டுபோவதற்குக் குளிர்வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்றாள்.

"சொந்தமா கேரவன் நிக்குது, அதுல ஃப்ரிட்ஜும் இருக்கு. வாடகை வண்டி எதுக்கு? கேக் என் பொறுப்பு!" என்று மார்தட்டினார் மெக்கானிக். பழைய கேரவன்தான். ஆனால் லீவு நாளெல்லாம் அதன் அடியில் படுத்துக் கிடந்து அவரே சரி செய்தது.

அவர் வீட்டிலும் வேலையிடத்துச் சட்டம்தான். எதைக் கழற்றினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குவார், பிறகு ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். "ஆள் வேலை செய்கிறார். கரண்ட் கொடுக்காதே." கீழே கையெழுத்து. கையெழுத்துப் போட்டவரைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக் கூடாது. ஒருநாள் வாட்டர் ஹீட்டரில் அட்டையை மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கூடவே இருக்கும் மாமியார் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு ஒரு வாரம் தும்மினார்.

மாமியாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. வெளியூர் கிளம்பினால் கண்ணில் படும் பிளக்கையெல்லாம் பிடுங்கிப்போட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். கடிகாரத்தைக்கூட விடமாட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மூவரும் கேரவனில் கேக்கோடு கிளம்பினார்கள். அந்த ஃப்ரிட்ஜ் காஸிலும் ஓடும், வண்டி பேட்டரியிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஒரு குமிழைத் திருப்பினால் போதும். வீட்டு வாசலில் காஸ், வழியெல்லாம் பேட்டரி. உள்ளே வைத்திருந்த வெப்பமானியின் முள் பச்சைக் கோட்டைவிட்டு நகரவேயில்லை. மெக்கானிக் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

திடலின் வாசலில் காவலாளி நிறுத்தினார். "புல்லெல்லாம் காஞ்சு கிடக்கு சார். காஸ், அடுப்பு எதுவும் பத்த வைக்கக் கூடாது. கரண்ட் மட்டும்தான்."

"கரண்ட் போதும்ங்க, அது நம்ம ஆளு" என்றார் மெக்கானிக்.

நம்ம ஆள் காலை வாரிவிட்டது. வண்டியை நிறுத்தி, கரண்டுக்காக அங்கே நட்டிருந்த கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து, குமிழைக் கரண்டுக்குத் திருப்பி வைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மனைவி அப்படியே நின்றாள்.

"என்னங்க, முள்ளு மஞ்சளுக்கு வந்துடுச்சு."

மெக்கானிக் வெளியே போய், ஃப்ரிட்ஜுக்குப் பின்புறம் வண்டிச் சுவரில் இருந்த காற்றுத் துளைகளில் கை வைத்துப் பார்த்தார். ஓடினால் அங்கே சூடு வரவேண்டும். சுவர் சில்லென்று இருந்தது.

கம்பத்தில் கரண்ட் இருந்தது. ஒயரில் இருந்தது. வண்டிக்குள் கெட்டிலைப் போட்டார், தண்ணீர் கொதித்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் முறுக்கிக்கொண்டு கிடந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிடவும் திடலில் அனுமதி கிடையாது.

"இந்த வகை ஃப்ரிட்ஜ் பின்னாடி சூடேறினாத்தான் உள்ளே குளிரும். கரண்டுல சூடாக்குற கம்பி எரிஞ்சுபோச்சு. வேற ஒண்ணும் இருக்க முடியாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மனைவி நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்தாள். "திறக்காதே, இருக்கிற குளிரும் போயிடும்!" என்றார் அவர். திறக்காமலும் அவளால் இருக்க முடியவில்லை. மேல் அடுக்கில் ஒரு ரோஜா லேசாகத் தலை சாய்ந்திருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. "தம்பி முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

மனைவி அழுதால் மெக்கானிக்குக்குக் கை கால் ஓடாது. பழியைப் போட ஓர் இடம் தேடினார், கண் மாமியார் மேல் விழுந்தது. பெண் வீட்டுச் சம்பந்தியம்மா அப்போதுதான் நலம் விசாரிக்க வந்து நின்றிருந்தார். அதையும் அவர் கவனிக்கவில்லை.

"அத்தை, கிளம்பும்போது இதுலயும் எதையாவது பிடுங்கித் தொலைச்சீங்களா? உங்க பழக்கம் ஊருக்கே தெரியுமே!"

மாமியார் முகம் சுண்டிப்போனது. சம்பந்தியம்மா வானத்தைப் பார்த்தார்.

"வீட்டுல பிடுங்கினேன் மாப்பிள்ளை. உங்க வண்டிய நான் தொடலை. இந்த ஃப்ரிட்ஜுக்கு பிளக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. எங்க இருக்கு?"

"வெளியே, அந்தக் காற்றுத் துளை மூடிக்குப் பின்னாடி. அங்க பார்க்க ஒண்ணுமில்ல, போன வாரம்தான் தூசியெல்லாம் தட்டி நானே மூடினேன்." சொல்லிவிட்டு, அந்தக் கம்பி எங்கே கிடைக்கும் என்று கடை கடையாகப் போன் போடத் தொடங்கினார்.

மாமியார் சுருக்குப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனார். காசை வைத்துத் திருகியதும் மூடி கையோடு வந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வர்றீங்களா? இதை நான் எடுக்கக் கூடாது. நீங்க போட்ட சட்டம்."

மெக்கானிக் போனைக் காதில் வைத்தபடியே போனார். உள்ளே ஃப்ரிட்ஜின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அதன் கழுத்தில் சிவப்பு அட்டை. "ஆள் வேலை செய்கிறார். கரண்ட் கொடுக்காதே." கீழே அவருடைய கையெழுத்து, சுழித்துக் கோடு போட்டு, அழகாக.

போனில் கடைக்காரர், "கம்பி எந்த அளவு சார் வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க" என்று ஈனஸ்வரத்தில் சொல்லிப் போனை வைத்தார் மெக்கானிக். அட்டையை எடுத்தார், பிளக்கைச் சொருகினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. "அத்தை, தப்பு முழுக்க என்மேலதான். உங்களை அப்படிச் சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க."

"முதல்ல கேக் குளிரட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் மாமியார்.

துளைகளில் மெல்லச் சூடு ஏறியது. மெக்கானிக் தூங்கப் போகும்வரை அங்கிருந்து கையை எடுக்கவில்லை. விடிந்து பார்த்தபோது முள் பச்சையில் நின்றது. மனைவி சாய்ந்த ரோஜாவை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பிழிந்தாள். அதற்குப் பிறகுதான் கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தம்பி கத்தியை எடுத்தான். கத்தியின் பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது.

"அத்தான், என்ன இது? உங்க அட்டையாச்சே!"

மெக்கானிக் அசடு வழிய முன்னே வந்து கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. தன் கையெழுத்து அடிக்கப்பட்டு, கீழே மாமியாரின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"போட்டவங்கதான் எடுக்கணும், இல்லையா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். "எடுக்கிறேன். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினது யாருன்னு சம்பந்தியம்மாவுக்கு நீங்களே சொல்லிடுங்க."

மெக்கானிக் ஒன்றையும் மறைக்காமல், கடைக்காரரிடம் பேசியது வரைக்கும் சொன்னார். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமியார் நிமிர்ந்து நடந்து வந்து அட்டையைக் கழற்றினார்.

"இப்ப வெட்டுங்க" என்றார். முதல் துண்டு வந்ததும் தன் மகனுக்குக்கூடக் கொடுக்காமல், அதை மெக்கானிக்கின் வாயில் வைத்து அடைத்தார்.