ஜெனரேட்டர் வாங்கப் போன இரண்டு வீடுகள்

எஃப்ராயினின் ஆக்சிஜன் மெஷின் நின்றுபோனால் முதலில் ஒரு கீச்சொலி கேட்கும். விளக்கு அணைந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அன்று காலை அவர் மனைவி மிக்டாலியா காபி வடிகட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கீச்சொலி வந்தது. துணி வடிகட்டியைப் பானையிலேயே போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள்.

எஃப்ராயின் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. பேசினால் மூச்சு செலவாகும் என்று அவருக்குத் தெரியும். கல் குவாரியில் பாறைத்தூள் தின்றே ஆயுளில் பாதியைக் கழித்தவர். இப்போது நுரையீரல் இரண்டும் பாறையாகிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். மூலையில் நின்ற சிலிண்டரின் திருகை மிக்டாலியா திறந்தாள். அவசரத்தில் குழாய் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் மாட்டிவிட்டு, அவர் உதட்டில் நிறம் திரும்பும்வரை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் கரண்ட் வந்துவிட்டது. ஆனால் சிலிண்டரின் அளவு முள் கீழே இறங்கியிருந்தது. வானொலியில், கிழக்கே கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகித் தீவைப் பார்த்து வருவதாகச் சொன்னார்கள். போன பெரும்புயலுக்குப் பிறகு அவர்கள் ஊரான யபுக்கோவாவுக்குக் கரண்ட் திரும்பவே மாதக்கணக்கில் ஆயிற்று. அப்போது எஃப்ராயின் சொந்த மூச்சில் இருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் டோமினோ ஆடிப் பொழுதைப் போக்கினார்கள். இந்தத் தடவை அப்படிப் போக்க முடியாது.

பக்கத்து வீட்டு எரிபெர்ட்டோ வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தார். கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட அவருடைய மகளுக்கு ஞானத்தாய் மிக்டாலியா. அதனால் அவர்களுக்குள் கொமாய், கொம்பாய் என்றுதான் பேச்சு.

"கொமாய், டவுனுக்குப் போறேன், ஜெனரேட்டர் வாங்க. வர்றியா? வண்டியில இடம் இருக்கு. என் வீட்டுக்காரி நெரெய்டா எஃப்ராயினப் பாத்துக்குவா."

"வரேன் கொம்பாய், ஒரு நிமிஷம் இருங்க."

இரும்புக்கடை வாசலிலிருந்து சாலைவரை வரிசை நின்றது. எல்லோர் முகத்திலும் ஒரே அவசரம். பலகையும் ஆணியும் வாங்குகிறவர்களைத் தள்ளிக்கொண்டு ஜெனரேட்டர் அடுக்கிய மூலைக்கு வந்தார்கள். அப்தியேல் என்ற கடைக்காரர், வியர்வையில் நனைந்த சட்டையோடு, பெரிய இரும்புச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மெஷினைத் தட்டிக் காட்டினார். பெண்களை மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்.

"இதான் தோன்யா கடைசி ரெண்டு. ஃப்ரிட்ஜ், ஏசி, பம்ப்பு, எல்லாம் இழுக்கும். இத வாங்கிட்டா வீட்டுல திருவிழாதான்."

"ஒண்ணு எனக்கு," என்றார் எரிபெர்ட்டோ உடனே. "கொமாய், இன்னொண்ண நீ எடுத்துக்க. யோசிக்காத. யோசிக்கிறதுக்குள்ள வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

மிக்டாலியா யோசித்தாள். காலையிலேயே ஆக்சிஜன் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தாள். 'பெருசு சிறுசு பாக்காதீங்க. ஏறி இறங்காம சீரா கரண்ட் குடுக்குதான்னு பாருங்க. மெஷின் கிளம்புறப்ப இழுக்குற இழுப்பத் தாங்கணும், அவ்வளவுதான்' என்று அவள் சொல்லியிருந்தாள்.

"அந்தப் பெருசுல கரண்ட் சீரா வருமா? என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் மெஷின்ல இருக்கார்."

அப்தியேல் தலையைச் சொறிந்தார். "ஏசியெல்லாம் ஓடுது, தோன்யா. அது ஓடாதா?"

"ஓடுறது வேற. பாதியில கெட்டுப்போனா யார் பதில் சொல்றது?"

பின்னால் வரிசையில் யாரோ முனகினார்கள். எரிபெர்ட்டோ சிரித்தார்.

"மாப்பிள்ளையா பாக்குற? குலம் கோத்திரம் எல்லாம் விசாரிக்கிற! மெஷின்தான கொமாய்!"

கீழ்த்தட்டில் சூட்கேஸ் மாதிரி மூடிய ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. இன்வர்ட்டர் வகை, கரண்ட் ஏறி இறங்காது. ஏசி இழுக்காது, ஆக்சிஜன் மெஷினும் ஃப்ரிட்ஜும் ஒரு மின்விசிறியும் இழுக்கும். விலையோ பெரியதைவிடக் கூடுதல். அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு பயம் வந்தது. சின்னதாக இருக்கிறதே, பாதி வழியில் மூச்சுத் திணறிவிட்டால்? பெரியதைப் பார்த்தால் அதுவும் பயமாக இருந்தது. எதைத் தேர்ந்தாலும் அது தப்பாக இருந்துவிட்டால், தப்பு தெரிய வருகிற இடம் எஃப்ராயினின் மார்புக்கூடுதான்.

"சின்னதக் குடுங்க," என்றாள். "கனத்த ஒயரும் நீளமா குடுங்க. எங்க வைக்கணும் இத?"

"வெளிய, தூரமா. வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்துல கூடாது. புகையில வாசனையே இல்லாத ஒரு விஷம் இருக்கு." அப்தியேல் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய வெள்ளை டப்பா ஒன்றைக் காட்டினார். "வேணும்னா இதையும் வாங்கிக்குங்க. அந்த விஷம் உள்ள வந்தாக் கத்தும்."

அதையும் வாங்கினாள். வண்டியில் வரும்போது எரிபெர்ட்டோ வழியெல்லாம் கிண்டல் செய்தார். "கரண்டு போனா ஒரு பயம், வந்தா ஒரு பயம். இப்ப பயத்தக் கத்திச் சொல்றதுக்கு ஒரு டப்பா வேற!" அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

புயல் வியாழக்கிழமை கரையைக் கடந்தது. கூரை தாங்கிவிட்டது. ஆனால் கரண்ட் போனது போனதுதான். போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. தெருமுனையில் ஒரு பெரிய பிளம்போயான் மரம் வேரோடு விழுந்து வழியை அடைத்துக் கிடந்தது. மிக்டாலியா தன் ஜெனரேட்டரைக் கொல்லைப்புறத்தில், வாழைமரங்களுக்கு அப்பால், கோழிக்கூண்டின் தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தாள். ஒயர் ஈரப் புல்லில் நீளமாய்க் கிடந்து சமையலறை வழியாக உள்ளே வந்தது. ஆக்சிஜன் மெஷின் சீராக மூச்சுவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ஜெபம் மாதிரி இருந்தது. ஒரு துளி மாறினாலும் காது விடைத்துக்கொள்ளும்.

எரிபெர்ட்டோ தன் பெரியதை வண்டி நிறுத்தும் கூடத்துக்குள்ளேயே வைத்து, கம்பிக் கதவைப் பூட்டி, சங்கிலியும் போட்டிருந்தார். போன புயலின்போது கீழ்த்தெருவில் ஜெனரேட்டர் திருடுபோயிருந்தது. வீட்டு ஜன்னல்களில் அடித்த புயல் பலகைகளையும் இன்னும் கழற்றவில்லை. "திரும்பக் காத்தடிச்சா?" என்று சொல்லியிருந்தார். ஏசி ஓடும் சத்தம் மிக்டாலியாவின் படுக்கையறைவரை கேட்டது. அந்தக் கூடத்தின் ஓட்டை ஓட்டையான பூவேலைச் சுவர் அவளுடைய படுக்கையறை ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல், தூறலுக்கு நடுவே, வெள்ளை டப்பா கத்தத் தொடங்கியது.

மிக்டாலியாவின் கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது. முதலில் மெஷினைத்தான் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

"பேட்டரியா இருக்கும்," என்றார் எஃப்ராயின். "எனக்குக் காலையில இருந்தே தலை வலிக்குது. இந்தக் கத்தல்ல இன்னும் கூடுது."

அவள் தலையும் காலையிலிருந்து கனத்துத்தான் இருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தாள். இப்போது அது வேறாகத் தெரிந்தது. அவசர அவசரமாகச் சிலிண்டரைத் திறந்து அவருக்கு மாட்டினாள். அவரைத் தாங்கி முன்வாசலுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கொல்லைக்கு ஓடி ஜெனரேட்டரை அணைத்தாள். பெட்ரோல் வால்வையும் மூடினாள். திரும்பி வந்தபோது டப்பா இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

புகை தன் ஜெனரேட்டருடையது இல்லை.

தன் ஜெனரேட்டர் ஓய்ந்துவிட்ட அந்த நேரத்தில்தான் சுவருக்கு அப்பாலிருந்த இரைச்சலை அவள் உண்மையில் கேட்டாள். எரிபெர்ட்டோவின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் ஓட்டைகள் வழியாகக் கசிந்து வந்த கொஞ்சம் புகையே இங்கே டப்பாவைக் கத்த வைக்கிறது என்றால், பலகை அடித்த அந்த வீட்டுக்குள் எவ்வளவு இருக்கும்?

"கொம்பாய்!" வேலியோரம் நின்று கத்தினாள். "நெரெய்டா! நெரெய்டா!"

பதில் இல்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று கம்பிக் கதவை உலுக்கினாள். சங்கிலி குலுங்கியது. பின்பக்கம் ஓடினாள். சமையலறைச் சின்ன ஜன்னலில் மட்டும் பலகை இல்லை. உள்ளே நெரெய்டா மேஜைமேல் தலை கவிழ்ந்து கிடந்தாள். முன்னால் உரித்த பச்சை வாழைக்காய்கள். ஒன்று பாதி உரித்தபடி கையிலேயே இருந்தது.

மிக்டாலியா ஜன்னலை ஓங்கித் தட்டினாள். தெருமுனையில் மரம் அறுக்கும் ரம்பத்தின் சத்தம் கேட்டது. அந்தத் திக்கைப் பார்த்துத் தூறலில் ஓடினாள்.

வில்மர் எதிர்வீட்டுக்காரர். அவரும் இன்னும் இரண்டு பேரும் மரத்தை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ரம்பத்தை நிறுத்தினார்.

"என்ன தோன்யா? எஃப்ராயினுக்கா?"

"எரிபெர்ட்டோ வீடு... புகை... கதவு பூட்டியிருக்கு..."

கடப்பாரையோடு வந்தார்கள். பூட்டு விட்டுக்கொடுக்கவில்லை; கதவின் கீல் பெயர்ந்தது. வில்மர் சட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து முதலில் ஜெனரேட்டரை அணைத்தார். எரிபெர்ட்டோவைக் கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த படியில் கண்டார்கள். ஏதோ சரியில்லை என்று தெரிந்து அணைக்க வந்திருக்கிறார், வழியிலேயே விழுந்துவிட்டார். இழுத்து வெளியே போட்டதும் இருமினார், வாந்தியெடுத்தார், அர்த்தமில்லாமல் ஏதோ பேசினார். நெரெய்டாவைத் தூக்கி வந்து முற்றத்துப் புல்லில் கிடத்தினார்கள். அவள் அசையவில்லை. மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

"ஆம்புலன்ஸ் எப்படி வரும்? மரம் இன்னும் பாதிகூட அறுக்கல," என்றார் வில்மர். "போனும் இல்ல."

"வேகமா அறுங்க. வண்டியில போட்டுக் கொண்டுபோலாம்," என்றார் இன்னொருவர். மூவரும் மரத்தை நோக்கி ஓடினார்கள்.

மிக்டாலியா நெரெய்டாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விஷத்துக்கு ஆக்சிஜன்தான் மருந்து என்று அவளுக்குத் தெரியும். கம்பெனிப் பெண் ஒரு முறை சொல்லியிருந்தாள். ஆக்சிஜன் இருக்கிற ஒரே இடம் எது என்பதும் தெரியும். தலையைத் திருப்பி வேலிக்கு அப்பால் பார்த்தாள். வாசலில் எஃப்ராயின் சிலிண்டரோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலிண்டரைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவரே கை நீட்டி, வா என்று கூப்பிட்டார்.

"போய் உன் ஜெனரேட்டரப் போடு," என்றார், மூச்சு வாங்கி வாங்கி. "நான் மெஷினுக்குப் போறேன். இத அவளுக்குக் குடு."

"மெஷின் நின்னா? உங்களுக்கு வேற ஒண்ணும் இல்லையே!"

"நிக்கிறப்ப பாத்துக்கலாம். இப்ப நிக்கிறது அவ மூச்சு. போ, மிக்டா."

கோழிக்கூண்டுக்கு ஓடினாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தாள். ஒரு செருமல்கூட இல்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தாள். கடையில் பயந்ததெல்லாம் நடக்கிறது, சின்னது, தப்பானது, நான்தான் தேர்ந்தேன், நான்தான் கொல்கிறேன் என்று அவளுக்குள் யாரோ கத்தினார்கள். மழைத்தண்ணீரும் கண்ணீரும் ஒன்றாக ஓடின. குனிந்து துடைத்தபோதுதான் பெட்ரோல் வால்வு கண்ணில் பட்டது. மூடியிருந்தது. அவள்தான் மூடியிருந்தாள்.

திறந்தாள். இழுத்தாள். மெஷின் இருமிக்கொண்டு கிளம்பியது.

படுக்கையறை ஜன்னலையும் கதவையும் திறந்து காற்றை விட்டு, டப்பா கத்துவது நின்றபின் எஃப்ராயினை ஆக்சிஜன் மெஷினில் மாட்டினாள். மருந்துப் புகை பிடிக்கும் பழைய முகமூடியைச் சிலிண்டர் குழாயில் செருகி, திருகை முழுக்கத் திறந்து, நெரெய்டாவின் முகத்தில் வைத்து அழுத்தினாள். எரிபெர்ட்டோ தவழ்ந்து வந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரோடு பேச அவளுக்கு நேரமில்லை. ஒரு காது நெரெய்டாவின் மூச்சிலும் மறு காது கொல்லையில் ஓடும் ஜெனரேட்டரிலும் இருந்தது. முள் இறங்கிக்கொண்டே வந்தது.

வண்டி வரும் சத்தம் கேட்டபோது நெரெய்டா கண்ணைத் திறந்தாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை. "வாழைக்காய்..." என்றாள். பிறகு மிக்டாலியாவின் மடியிலேயே வாந்தியெடுத்தாள். மிக்டாலியா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

சிலிண்டரும் வண்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அன்று பொழுது சாயும்வரை மிக்டாலியா கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் குடையோடு உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் குறையும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, ஊற்றி, மறுபடி கிளப்பும் அந்தச் சில நிமிடங்கள் அவள் உயிர் அவளிடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் கிளம்பியதும் எஃப்ராயின் ஜன்னல் கம்பியில் ஸ்பூனால் தட்டிச் சத்தம் கொடுப்பார்.

அடுத்த புதன்கிழமைதான் ஆக்சிஜன் கம்பெனி வண்டி மலைப்பாதை ஏறி வந்தது. இரண்டு சிலிண்டர்களை இறக்கிவைத்துப் போனார்கள். அன்றுதான் அவள் முழுதாகச் சாப்பிட்டாள்.

நெரெய்டா பிழைத்து வந்தாள். சில வாரங்களுக்குச் சொல்ல வந்த வார்த்தை பாதியில் மறந்துபோகும், பிறகு சரியாயிற்று. எரிபெர்ட்டோ தன் ஜெனரேட்டரைத் தெருவுக்கு அருகே, வேலி மூலைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். திருட்டுப் போனால் போகட்டும் என்றார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தார். முகத்தில் கிண்டல் இல்லை.

"கொமாய், இங்க வச்சா உன் ஜன்னலுக்குப் புகை வருமா? வந்து நின்னு பாரேன்."

மிக்டாலியா செருப்பை மாட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தாள். காற்று கடல் பக்கமிருந்து அவள் வீட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க கொம்பாய்," என்றாள். இருவருமாகச் சேர்ந்து தள்ளினார்கள்.