பிரேக்கில் புகுந்த காற்று

புகழேந்தியும் சக்கரபாணியும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார். தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வெள்ளை அம்பாசிடர், ஆளுக்குப் பாதி. காரை நடுவில் அறுத்து எடுத்துக்கொள்ளவா முடியும்? அது வேங்கிக்காலில், புகழேந்தி வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் எலிகளுக்கு வாடகையில்லாத வீடாகக் கிடந்தது.

சண்டைக்குக் காரணம் பணமில்லை, காசில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை. சக்கரபாணியின் மகள் நந்தினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு முதலில் தன் வீட்டுக்குத்தான் வருவான் என்று புகழேந்தி காத்திருந்தார். வரவில்லை. டீ குடிக்கப் போன இடத்தில், பத்திரிகை மட்டும் போளூர் ரோட்டு டீக்கடை ராமகிருஷ்ணன் கையில் வந்தது. உறையின் மேல் பெயர்கூட எழுதவில்லை. முப்பது வருடமாக 'வாடா போடா' என்று பழகிய சிநேகிதனுக்கு டீக்கடையில் கொடுத்தனுப்புவதா? போகிற வருகிறவனுக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்களே!

புகழேந்திக்கு முன்கோபம் ஜாஸ்தி. உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே டீக்கடை அடுப்பில் போட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ஆனால் வீராப்பு விடுமா? கல்யாணத்துக்குப் போகவில்லை, மனைவி ரேணுகாம்பாளையும் போக விடவில்லை. அடுப்பில் போட்ட விஷயத்தை ராமகிருஷ்ணன் அன்று சாயங்காலமே சக்கரபாணியிடம் சொல்லிவிட்டார். அதோடு சரி. அதன் பிறகு எதிரெதிரே வந்தால் ஒருவர் இடப்பக்கக் கடையைப் பார்ப்பார், மற்றவர் வலப்பக்கக் கடையைப் பார்ப்பார். பத்திரிகையைப் பற்றிப் புகழேந்தி எதிரில் வாயெடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஆனி மாதம் பிறந்த அன்று ரேணுகாம்பாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சேதி சொன்னார்.

"கேட்டீங்களா? நந்தினி ஓசூர்ல சொந்த வீடு கட்டிட்டாளாம். சக்கரபாணி அண்ணனும் அண்ணி மணியம்மாளும் இங்க வீட்டைக் காலி பண்ணிட்டு அங்கயே போய்டறாங்களாம். இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கெழமை."

புகழேந்தி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். பேசாவிட்டாலும் அவன் இந்த ஊரில்தானே இருக்கிறான் என்கிற தைரியத்தில்தான் பதினோரு வருடம் ஓடியிருந்தது. என்றைக்காவது ஒருநாள் 'டேய்' என்று கூப்பிடுவான், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். இப்போது நாள் குறித்துவிட்டார்கள். போவதற்குள் அவன் வாயால் ஒரு 'டா' கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அறுபது வயசில் இதை வெளியே சொல்ல முடியுமா? சிரிக்க மாட்டார்களா? அதனால் காரைச் சாக்கு வைத்தார்.

"அவன் பாதி இன்னும் நம்ம வீட்ல கெடக்குது. போறதுக்குள்ள வண்டிய ஓட வெச்சிடலாம்னு மணியம்மாளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு."

ரேணுகாம்பாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன? சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை எடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சக்கரபாணி டூல்ஸ் பெட்டியோடு வந்து நின்றார். நாற்பது வருட மெக்கானிக். முட்டிவலி வந்து ஷெட்டை மூடிய பிறகும் கை சும்மா இருக்காத ஆள். புகழேந்தி வாசலில் நிற்பதே கண்ணுக்குத் தெரியாதவர் போல நேரே ரேணுகாம்பாளிடம் போனார்.

"வண்டிக்காகத்தான் வந்தேன் தங்கச்சி. யாருக்குச் சொல்லணுமோ சொல்லிடு."

"அவரு காதுலயே வுழுந்திருக்கும்ண்ணா, பக்கத்துலதான் நிக்கறாரு," என்றார் ரேணுகாம்பாள்.

தார்ப்பாயைத் தூக்கியதும் ஒரு பெருச்சாளி குடும்பத்தோடு கிளம்பிப் போனது. சீட்டெல்லாம் பஞ்சாகி, ஒயரெல்லாம் எலி கடித்து, டயர் நான்கும் தரையோடு அப்பிக் கிடந்தன. புது சாமான் வாங்கிக் கட்டுப்படியாகாது. இருக்கிறதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். இறுகிப்போன இன்ஜினில் பிளக்கைக் கழற்றிவிட்டு டீசலை ஊற்றி மூன்று நாள் ஊற வைத்தார் சக்கரபாணி. பெட்ரோல் டேங்குக்குள் துருப் போக ஜல்லியும் சோப்புத்தூளும் போட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. சைலன்சர் ஓட்டையை எண்ணெய் டின் தகரம் அடைத்தது. ஆசிரமம் பக்கம் டாக்சி ஓட்டுகிற ஒருவர் கழற்றிப் போட்ட டயர்கள் வந்தன. சீட்டு வேலை புகழேந்தியுடையது. அவர் வைத்திருப்பது குஷன் கடை. ஆட்டோக்களுக்குத் தைத்தது போக மீந்த துண்டு ரெக்ஸினை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்தார். முன் சீட்டு பச்சை, பின் சீட்டு மெரூன், கதவுக்கு மஞ்சள். உள்ளே எட்டிப் பார்த்தால் தேர்தல் கூட்டணி மேடை மாதிரி இருந்தது.

இதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தது என்பதைத்தான் நம்ப முடியாது. "பன்னெண்டு நம்பர் ஸ்பேனரு யார் கையில இருக்குதோ அவங்க குடுத்தா நல்லா இருக்கும்," என்பார் சக்கரபாணி வானத்தைப் பார்த்து. ஸ்பேனர் வரும். "வெயில்ல நிக்கறவங்களுக்கு மோர் வேணுமானு கேளு ரேணு," என்பார் புகழேந்தி. மோர் போகும். பதினாறாம் நாள் இன்ஜின் இருமி, கனைத்து, கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பிடித்தபோது இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன. உடனே திருப்பிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் புகழேந்தி அன்று முழுக்கக் கடையில் தப்புத் தப்பாகத் தைத்தார்.

சனிக்கிழமை பிரேக் மட்டும்தான் பாக்கி. விடிந்தால் சக்கரபாணி ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று உள்சாமான்களைப் புதிதாகவே வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டில் பிரேக் ஆயிலும் வாங்கியிருந்தார்கள். இனி குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும். அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, சின்னத் திருகாணியைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். கீழே இருப்பவர் 'அமுக்கு' என்றால் அமுக்க வேண்டும், 'பிடி' என்றால் அமுக்கியபடியே பிடிக்க வேண்டும், மூடிவிட்டு 'விடு' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் காற்று உள்ளே போய்விடும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் செய்கிற வேலையா இது?

பெடலுக்கு எல்லாவற்றிலும் தூரமாக இருக்கிற பின்பக்க இடது சக்கரத்தில் ஆரம்பித்தார் சக்கரபாணி. ரேணுகாம்பாள் நடுவில் நின்றார்.

"அமுக்கச் சொல்லு தங்கச்சி."

"அமுக்கச் சொல்றாரு."

"புடிக்கச் சொல்லு."

"புடிக்கச் சொல்றாருங்க. ஐயோ, அதுக்குள்ள ஏன் எடுத்தீங்க?"

இப்படியே கால் மணி நேரம். ஆயில் பாட்டிலில் பாதி போய்விட்டது, காற்று மட்டும் போகவில்லை. ரேணுகாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா? அடுப்புல பருப்பு கெடக்குது. வாய் இருக்குதுல்ல, பேசுங்க!" என்று உள்ளே போயே போய்விட்டார்.

புகழேந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது பேசித்தான் ஆக வேண்டும். 'அமுக்குடா' என்று வரப் போகிறது. இதோ வரப் போகிறது.

"அமுக்குங்க," என்றார் சக்கரபாணி.

பேசாமல் இருந்த பதினோரு வருடம்கூடப் புகழேந்திக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்த ஒரு 'ங்க' அவரை எங்கேயோ தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அமுக்கினார்.

"புடிங்க."

பிடித்தார்.

"விடுங்க."

இரண்டு பின்சக்கரமும் இப்படியே முடிந்தன. முன்பக்க இடது சக்கரத்துக்கு வந்தார்கள்.

"அமுக்குங்க சார். புடிங்க சார்."

புகழேந்தி வெடுக்கென்று காலை எடுத்துவிட்டார். கீழே திருகாணி 'கொர்'ரென்று காற்றை உறிஞ்சியது. சக்கரபாணி எழுந்து வந்தார், முகமெல்லாம் ஆயில்.

"புடிங்கனா புடிக்கணும் சார். எல்லாம் வீணாப் போச்சு."

"எவன்டா சாரு?" புகழேந்தி காரை விட்டு இறங்கிவிட்டார். "முப்பது வருஷம் ஒரே கிளாஸ்ல டீ குடிச்சவன் உனக்கு சாரா?"

"எம்பொண்ணு பத்திரிகைய நெருப்புல போட்ட ஆள வேற எப்பிடிக் கூப்புடறது?"

"போட்டேன். தப்புதான், இல்லேங்கல. ஆனா நீ நேர்ல வந்தியா? தட்டு வெச்சியா? கவர் மேல எம்பேர எழுதக்கூட உனக்குக் கை வரலியே!"

"எதுக்கு எழுதணும்?" என்று திருப்பிக் கேட்டார் சக்கரபாணி. "அதப் பிரிச்சுப் பாத்தீங்களா நீங்க?"

புகழேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"'அன்புடன் அழைக்கும்'னு போட்டு கீழ ரெண்டு பேரு அடிச்சிருந்துச்சு. ஒண்ணு எம்பேரு. இன்னொண்ணு யாரு பேரு தெரியுமா?"

புகழேந்திக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அழைக்கறவனையே எவனாவது போயி அழைப்பானா?" என்றார் சக்கரபாணி. "பிரஸ்ஸுலேர்ந்து வந்த மொதப் பத்திரிகை அது. குலதெய்வம் படவேட்டம்மனுக்குக்கூட அப்ப வெக்கல. பேர சரியா அடிச்சிருக்கானானு பாக்கச் சொல்லிக் குடுத்தனுப்பினேன். நெருப்புல போட்டாருனு வந்து சொல்றாங்க. அப்பவும், கல்யாணத்துக்கு வராம இருக்க மாட்டாருனுதான் நெனச்சேன். தாலி கட்டற நேரம் போவுதுனு உள்ள கத்தறாங்க. நான் இந்த வெள்ளை வண்டி வருதானு ரோட்டப் பாத்துக்கினு வாசல்லயே நிக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்ச் சக்கரத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் புகழேந்திக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தே நெருப்பில் போட்டார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சக்கரபாணியும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். பதினோரு வருடம்! புகழேந்திக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்.

கீழேயிருந்து குரல் வரவில்லை. ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு கேட்டது. அமுக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. இரண்டு தட்டு தட்டினால் பிடிக்க வேண்டும். மூன்றுக்கு விட வேண்டும். இப்போது 'ங்க'வும் போய்விட்டது. மூன்றாவது சக்கரத்தைத் தட்டியே முடித்தார்கள்.

கடைசியாக முன்பக்க வலது சக்கரம். டிரைவர் சீட்டிலிருந்து குனிந்தால் சக்கரபாணியின் நரைத்த தலை தெரிந்தது. பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஆயில்தான் இருந்தது. ஒரு தட்டு. புகழேந்தி அமுக்கினார். இரண்டு தட்டு. அமுக்கியபடியே பிடித்துக்கொண்டார். திருகாணி திறந்தது, பெடல் மெல்லத் தரை வரைக்கும் இறங்கியது.

"எனக்குத் தெரியாதுடா," என்றார் புகழேந்தி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சத்தியமாத் தெரியாது. பிரிச்சுப் பாத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? நந்தினிய நான் தூக்கி வளக்கலியா? வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்க வேண்டியவன் வூட்ல கதவச் சாத்திக்கினு படுத்திருந்தேன்டா. நாளைக்கு நீ போற. இதை நான் எங்க போயிச் சரி பண்ணுவேன்?"

திருகாணியை இறுக்குகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டுக்காகக் காத்திருந்தார். தட்டு வரவில்லை.

"விடுடா," என்றார் சக்கரபாணி.

புகழேந்தி காலை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"எதைடா?"

"எல்லாத்தையுந்தான். மொதல்ல பெடல வுடு, மடையா!"

புகழேந்தி விட்டார்.