தண்ணி வந்துட்டு

"தண்ணி வந்துட்டு!"

அரவிந்தன் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். கீழ்வேளூருக்குக் கிழக்கே அவர்களுடையது, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். மேட்டூர் திறந்து மூன்று வாரமாகியும் வாய்க்காலில் நண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மதகடியில் பக்கத்து வீட்டு அமிர்தம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, எச்சக்கையோட?"

"தண்ணி வந்துட்டுன்னு பாப்பா சொன்னா, அக்கா."

"நேத்தும் இதையேதான சொன்னா? ஒனக்கு பொதுப்பணித்துறையே வீட்டுக்குள்ள இருக்கு போ!"

வீடு திரும்பியதும் மகளிடம் சீறினான். "ஏய், பொய்யா சொல்ற?"

ஐந்து வயதுக் குந்தவை அவனைப் பார்க்கவில்லை. தூணில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டிசம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அவள் வாயிலிருந்து முழுசாக வருவது இந்த ஒரு வாக்கியம்தான்.

"அவளா பொய் சொல்றா?" என்றாள் அவன் மனைவி ஜெயபாரதி. "பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் சக்கரப் பொங்கல் வச்சிருப்பேனே!"

அவன் சிரிக்கவில்லை. தட்டின் முன்னால் மறுபடி உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

"ஒரு தடவ அப்பான்னு கூப்புட்டிருப்பாளா பாரதி? நான் யாருன்னாவது அவளுக்குத் தெரியுமா?"

ஜெயபாரதி தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திங்கட்கிழமை நாகப்பட்டினத்தில் குந்தவைக்குப் பேச்சுப் பயிற்சி. அனீஸா டீச்சர் குந்தவையின் கையில் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"புதுசா ஏதாவது பேசுறாளா?"

"ஒண்ணே ஒண்ணு பேசுறா, மேடம். அதுவும் பொய்யி" என்று அரவிந்தன் தான் ஓடிய கதையைச் சொன்னான்.

டீச்சர் சிரித்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க. சரி, அதை யாருகிட்ட சொல்றா?"

"யாருகிட்டன்னா? சும்மா சொல்றா."

"இல்லங்க," ஜெயபாரதி குறுக்கிட்டாள். "என்கிட்ட சொன்னதே இல்ல. அமிர்தம் அக்காகிட்டயும் இல்ல. நீங்க வீட்டுல இருந்தாத்தான்."

"மொதல்ல எங்க கேட்டா அந்த வார்த்தைய?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வருஷம்," என்றாள் ஜெயபாரதி மெதுவாக. "தண்ணி வந்தப்ப இவரு அவளத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வரப்பெல்லாம் ஓடுனாரு. ஊரே கேக்குற மாதிரி அதையேதான் கத்திக்கிட்டு..."

"சில பிள்ளைங்க வார்த்தை வார்த்தையா எடுத்துக்காது. நடந்ததோட சேத்து முழுசா எடுத்துக்கும்."

"அப்ப அவ தண்ணியச் சொல்லலியா?" அரவிந்தனின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கென்ன தெரியும்? அடுத்த தடவ வாய்க்காலுக்கு ஓடாம, அவகிட்ட நின்னு பாருங்களேன்."

மறுநாள் காலையில் அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "தண்ணி வந்துட்டு."

கால் வாசல் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டது. நிறுத்திக்கொண்டான். வாய் நுரையோடு அவள் முன் குனிந்தான். குந்தவை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். ஆனால் ஒரு கை மட்டும் வந்து அவன் கழுத்தைப் பிடித்தது. தூக்கினான். தோளில் ஏறியதும் அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

"பாரதி," என்று கூப்பிட்டான்.

அப்பா என்ற சொல் அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

எட்டு நாள் கழித்து, அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது வாசலில் சத்தம்.

"தண்ணி வந்துட்டு!"

"தோ வந்துட்டேம்மா!" கோடரியைப் போட்டுவிட்டுக் கைகளை நீட்டியபடி ஓடிவந்தான்.

வாசலில் நின்றது அமிர்தம். இரண்டடி பின்வாங்கினாள்.

"யாருடா ஒனக்கு அம்மா? நெசமாவே மதகுல தண்ணி வந்துட்டுங்கிறேன், மம்புட்டிய எடுத்துக்கிட்டு ஓடு!"

மண்வெட்டியை ஜெயபாரதி எடுத்துக்கொண்டாள். அவன் தோளில் வேறு ஆள் ஏறியிருந்தாள்.