ஆறேகால் மணிக்கு அழுத்துகிறவர்

ஜஸீலின் மின்சாமான் கடைக்குள் காலை வைத்ததுமே புஹாரி நானா சொல்லிவிட்டார்.

“ஜஸீல், ஞாயித்துக்கெழம ஒரு வேல ஈக்கி. மேல் டிவிஷனுக்குப் போய் அந்த செட்ட எடுத்துட்டு வாங்க.”

“ஏன் நானா?”

“ஏனா? ஒரு கெழமயா மழ ரிப்போட் ஒண்ணும் இல்ல. அந்திக்கி ஆறேகாலாச்சின்டா மட்டும் பொத்தான அமத்தி அமத்தி வெளயாடுது அந்த டீச்சர் புள்ள. பேச்சு இல்ல, மூச்சு இல்ல. ரிப்பீட்டர் என்ன வாசல் பெல்லா, அமத்திட்டு ஓட?”

ஜஸீல் கையிலிருந்த பல்பை மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் வைத்தான். வாங்க வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நினைவு வந்து அதை எடுத்துக் கொடுத்தான்.

புஹாரி நானாவுக்குப் பதுளை பஸாரில் துணிக்கடை. ஜஸீலும் சேர்ந்திருந்த வானொலிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் குழு. போன வருட மழையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருந்த மூன்று லயக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. போன் டவரும் செத்துக் கிடந்ததால் நான்கு நாட்களுக்குக் கீழே ஒருவருக்கும் சேதி தெரியவில்லை. அதன் பிறகுதான் குழு அங்கே ஒரு வானொலிக் கைச்செட்டைக் கொடுத்தது. முன்பள்ளி டீச்சர் தயானி பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தாள். தினமும் மாலை ஆறேமுக்காலுக்கு எல்லோரும் வரிசையாகப் பேசுவார்கள். அதை நெட் என்பார்கள். அதில் அவள் மழைமானியின் அளவைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் செட் போய்விட்டால் அடுத்த மழைக்கும் மேல் டிவிஷன் வாயடைத்துத்தான் கிடக்கும்.

“வெலிமடப் பக்கம் ஒரு ஸ்கூல் கேக்குது,” என்றார் புஹாரி நானா. “ஒழுங்கா பாவிக்கிற ஆக்களுக்குக் குடுப்பம். போய்ட்டு வந்தா ஒங்களுக்கும் கொஞ்சம் காத்துப் பட்ட மாதிரி ஈக்கும் தம்பி.”

கடைசி வாக்கியத்தை அவர் மின்விசிறிகளைப் பார்த்துச் சொன்னார். எட்டு மாதங்களாக ஜஸீலின் முகத்தைப் பார்த்து யாரும் பேசுவதில்லை.

அழுத்துவது தயானி அல்ல. ஜஸீல்தான்.

அவன் மனைவி ஷம்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வார்டில் இருந்தாள். நான்காம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அன்றைக்கே அடக்கம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை. வந்தவர்கள் நாற்பது நாள் வரைக்கும் வந்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் ஒரு நேரம் வரும். அவள் சமையலறையிலிருந்து எதையாவது கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு வாரத்துக்கு முன் ஒருநாள் அந்த நேரத்தில் மேசையில் கிடந்த தன் செட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினான். பேசவில்லை. விட்டான். நமுனுகுலைப் பக்கத்து உச்சியில் நின்று எல்லோர் பேச்சையும் வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் இரண்டு விநாடி “ஷ்ஷ்” என்று இழுத்துவிட்டு அடங்கியது. அவன் அழுத்தியதை மலை கேட்டிருக்கிறது, அதைத் திரும்பச் சொல்கிறது. அவ்வளவுதான். இன்னொரு தரம் அழுத்தினான்.

லைசன்ஸில் தந்த அழைப்புக் குறியைச் சொல்லாமல் அழுத்துவது தப்பு என்று அவனுக்குத் தெரியும். பரீட்சைக்கு வந்தவர்களுக்கு அதை அவனே படிப்பித்திருக்கிறான். ஆனால் குறியைச் சொன்னால் ஜஸீல் திரும்பவும் பேசத் தொடங்கிவிட்டான் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். ஷம்ரா போனபின் அவன் குறியைச் சொல்லவே இல்லை. அவன் செட்டையே தொடுவதில்லை என்றுதான் குழு நம்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டான். பொத்தான் இறுகிக் கிடந்தது, தானாகவே அமர்ந்திருக்கிறது, சரிசெய்துவிட்டேன். யாருக்கும் நட்டமில்லை. இன்றோடு தானும் அழுத்துவதை விட்டுவிடலாம்.

முன்பள்ளி வாசலில் தயானி நின்றாள். முப்பது வயதைத் தாண்டியவள். செட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

“வாங்க சார். செட்ட வாங்கத்தானே வந்தீங்க?”

“யார் சொன்ன?”

“யாரு சொல்லணும்? அந்தப் பெரியவரு நேத்து நெட்டுல சொன்னாரே. பேசத்தான் நமக்கு வழியில்ல, காது நல்லா கேக்குதுங்க சார்.” சிரித்தாள். “மொதல்ல தேத்தண்ணி குடிங்க. கள்ளியப் புடிக்க வந்தவங்களும் தேத்தண்ணி குடிக்கலாம்.”

தேத்தண்ணீர் வந்தது. ஜஸீல் செட்டைக் கையில் எடுத்தான்.

“நீங்க பேசவே இல்லையாமே டீச்சர்?”

“பேசாம? ஒம்பது நாளும் பேசுறேன். மழை எவ்வளவுன்னு சொல்லிட்டு காத்துக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. அப்புறமா எனக்கே வெளங்கிருச்சு. டவுனு ஆளுங்க லயத்து ஆளோட பேசவா போறாங்க?”

ஜஸீல் செட்டின் திரையைப் பார்த்தான். அலைவரிசை சரி. டோன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

“இதுக்குள்ள போய் எதையும் மாத்தினீங்களா?”

“ஐயோ, அதுங்களா? பட்டன அமத்துனா அமத்துன தரத்துக்கு செட்டுக்குள்ளருந்து ஒரு பொம்பள இங்கிலீசுல பேசுறா சார். புள்ளைங்க தூங்குற நேரம். அவ வாய மூடத்தான் போனேன். மூடிட்டா. வேற ஏதும் ஆயிருச்சா?”

“எப்ப?”

“இந்த வெள்ளி இல்ல, அதுக்கு மொதல் வெள்ளி.”

அவன் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாட்கள்.

“டீச்சர், ரிப்பீட்டருக்கு ஒரு பூட்டு இருக்கு. நாம பேசுறப்ப நம்ம செட் மெல்லிசா டோன்னு ஒரு சத்தத்தையும் சேத்து அனுப்பும். நமக்குக் கேக்காது. அதுதான் தொறப்பு. நீங்க அந்தப் பொம்பளையோட சேத்து அதையும் நிறுத்திட்டீங்க. நீங்க பேசினது ஒண்ணும் மலையத் தாண்டிப் போகல்ல.”

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்ப அவங்க என்னைய ஒதுக்கலையா?”

“கேக்கவே இல்ல.”

“நான் அவங்கள என்னென்னமோ ஏசிட்டேனே,” என்றாள். “நல்லவேள, அதுவும் போயிருக்காது.”

ஜஸீல் டோனைப் போட்டுக் கொடுத்தான். அவளை வெளியே கூட்டிப்போனான். லயத்து மூலையில் நின்றால் எட்டாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நாலடி தள்ளி நின்றால் எட்டியது. அந்த இடத்தில் ஒரு கல்லைப் போடச் சொன்னான். செட்டை நேராகப் பிடிக்க வேண்டும், படுக்கவைத்தால் பாதிதான் போகும். பொத்தானை அமத்தியதும் பேசக்கூடாது. மனதுக்குள் ஒன்று என்று எண்ணிவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும்.

“விட்டதும் ஷ்ஷ்னு ஒரு வால் வரணும். வந்தாத்தான் மலை ஒங்களக் கேட்டிருக்கு. வாலும் முடிஞ்சப்புறம்தான் அடுத்த ஆள் பேசுவார்.”

அவள் அமத்தி, குறியைச் சொல்லி, சோதனை என்று சொல்லிவிட்டு விட்டாள். ஷ்ஷ் வந்தது. அவள் முகம் மாறியது.

“இந்தச் சத்தந்தான் சார்! தெனமும் ஆறேகாலுக்கு ஒருத்தர் இத அமத்துவாரு. பேச மாட்டாரு. அஞ்சு தரம், ஆறு தரம். ஒருநாளு பதிமூணு தரம், நான் எண்ணுனேன்.”

ஜஸீல் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தான்.

“அது நீங்கன்னுதான் கீழ நினைக்கிறாங்க.”

“தெரியுங்களே. எனக்கு அவரு மேல கோவம் வரல சார். சுகமில்லாத ஆளோ என்னவோ. பேச ஏலாத ஆளா இருந்தா என்ன செய்றது? நானும் தெனம் பதில் குடுப்பேன். ‘யாருங்க அது, எனக்குக் கேக்குது, நான் மேல் டிவிஷன்ல இருக்கேன்’னு. அவரு மறுபடி அமத்துவாரு. நான் மறுபடி சொல்வேன். இப்பத்தானே தெரியுது, அதுவும் போகலன்னு.”

ஜஸீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒன்பது மாலைகள் அவன் இருட்டிக்கொண்டு வரும் வீட்டில் அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தரமும் இந்தக் குன்றில் ஒருத்தி நின்று, எனக்குக் கேட்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தேத்தண்ணீர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

மஃரிபுக்கு அவள் முன்பள்ளியில் புதுப் பாய் ஒன்றைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அவன் தொழுதுவிட்டு வந்தபோது கல்லருகே செட்டும் கையுமாக நின்றாள்.

“ஆறேகால் தாண்டிருச்சு. இன்னைக்கு அவரக் காணோம்,” என்றாள். “என்ன ஆச்சோ.”

ஆறேமுக்காலுக்கு நெட் தொடங்கியது. புஹாரி நானா ஒவ்வொருவராக அழைத்தார். பண்டாரவளை வந்தது, வெலிமடை வந்தது. பிறகு மேல் டிவிஷன் என்றார். தயானி அமத்தினாள். உதடு அசையாமல் ஒன்று எண்ணினாள். குறியைச் சொன்னாள். நாற்பத்திரண்டு மில்லிமீற்றர் என்றாள்.

“ஆ, இன்டைக்கு வாய் தொறந்திட்டா!” புஹாரி நானாவின் குரல் செட்டில் தகரமாக ஒலித்தது. “ஜஸீல் மேல வந்த ஒடன பேச்சு வருது. இவ்வளவு நாளும் அமத்தி வெளயாடினது என்னத்துக்கு டீச்சர்? குழு முடிவெடுத்தாச்சி. செட்ட ஜஸீல்கிட்ட குடுத்துடுங்க.”

“நான் அமத்தலைங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்ற.”

அவள் திரும்பவும் அமத்தவில்லை. செட்டை நிறுத்தினாள். பொலித்தீன் பையிலிருந்த ஈரத்தைத் துடைத்து, செட்டை அதற்குள் போட்டு, அவனிடம் நீட்டினாள்.

“கொண்டு போங்க சார். நீங்க சொன்னாலும் நம்புவாங்களான்னு தெரியல. மழை பெஞ்சா பாத்துக்குவோம்.”

பொத்தான் இறுகியிருந்தது என்று இப்போது சொன்னாலும் போதும். செட் பழுது, டீச்சர் நல்லவர். புஹாரி நானா நம்புவார். திருத்தவென்று செட்டைக் கீழே கேட்பார். கீழே போன செட் திரும்பி மேலே ஏறாது. வெலிமடைக்குப் போய்விடும்.

ஜஸீல் தன் தோள்பையைத் திறந்து தன்னுடைய செட்டை எடுத்தான். போட்டான். அழுத்தினான்.

பேச்சு வரவில்லை. விட்டான். ஷ்ஷ் என்றது.

மறுபடி அழுத்தினான். விட்டான். ஷ்ஷ்.

தயானி நீட்டிய கையை மடக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தரம் அவன் விரல் பொத்தானுக்குப் போகும் முன்னரே அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஒண்ணுன்னு எண்ணுங்க சார்,” என்றாள் மெதுவாக.

அவன் எண்ணினான். பிறகு தன் குறியை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவனுக்கே அது வேறு யாரோ ஒருவனின் பெயர் மாதிரிக் கேட்டது.

“ஆறேகாலுக்கு அமத்தினது நான். டீச்சர் இல்ல. அவங்கட செட்டுல டோன் இல்லாம ஒன்பது நாள் பேசியிருக்காங்க. நமக்குக் கேக்கல்ல. அது சரியாயிட்டு. செட்ட எடுக்க வேணாம் நானா.” கொஞ்சம் நின்றான். பொத்தானை விடவில்லை. “வீட்ட யாரும் இல்ல. அதான் அமத்தின.”

விட்டான்.

வால் வந்தது, முடிந்தது. அதன்பின் செட்டிலிருந்து கீச்சென்று காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் கீச்சிட்டது.

“என்ன சார் இது, லொறி பிரேக் புடிக்கிற மாதிரி?”

“எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க,” என்றான் ஜஸீல். “அப்படிப் பேசினா ஒருத்தரையும் கேக்காது.”

கடைசியில் புஹாரி நானாவின் குரல் மட்டும் மேலே வந்தது. “எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. நில்லுங்கன்டா. மேல் டிவிஷன், டீச்சர், நாப்பத்திரண்டு மில்லிமீற்றர், எழுதியாச்சி. செட் ஒங்கள்ட்டயே ஈக்கட்டும். நான் சொன்னதுக்கு மன்னிச்சிக்கோங்க.” ஒரு செருமல். “ஜஸீல், தம்பி, போய்டாதீங்க. ஒவ்வொரு ஆளா வரட்டும்.”

ஜஸீல் தயானியிடம் சொல்லிக்கொண்டு, செட்டை நிறுத்தாமலே இறங்கினான். ஏழேகாலுக்குப் பஸ். அவள் மன்னிப்பும் கேட்க விடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “பாத்துப் போங்க, வழுக்கும்,” என்றாள்.

பஸ் நிற்கும் இடம் பள்ளத்தில். அங்கே செட் எடுக்காது. கடைசித் திருப்பத்தில், ஒரு சவுக்கு மரத்தடியில், சத்தம் அறுபடத் தொடங்கியது. அவன் நின்றான். பண்டாரவளையிலிருந்து ஒருவர் செட்டில் வந்தார். உங்கள் குரலைக் கேட்டது போதும் என்றார். ஜஸீல் குறியைச் சொல்லி, கேட்டது, நன்றி என்றான். அடுத்தவர் ஒன்றும் பேசத் தெரியாமல் ஸலாம் மட்டும் சொன்னார். அதற்கும் பதில் சொன்னான். அவனிடம் அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. சொன்னதையே ஒவ்வொருவருக்கும் சொன்னான்.

கீழே பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. கொண்டக்டர் மேலே பார்த்துக் கை காட்டினார். ஜஸீல் போங்கள் என்று கை காட்டினான். பஸ்ஸின் விளக்குகள் தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கின. பதுளை ரோட்டுக்கு நாலு மைல் நடக்க வேண்டும்.

வரிசையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவன் வால் முடியும்வரை காத்திருந்து, பொத்தானை அழுத்தினான்.