குழாய்க்காரருக்கு வந்த எங்கள் அபராதம்

எங்கள் வங்கியில் பாஸ்புக் அச்சடிக்க ஒரு இயந்திரம் இருக்கிறது. நான் பார்த்த நாளிலிருந்து அதன் நெற்றியில் 'பழுது' என்ற காகிதம்தான் ஒட்டியிருக்கிறது. பணம் பிடிக்கிற இயந்திரம் மட்டும் ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை. நல்ல உடம்பு அதற்கு.

என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினைத் தவணையில் வாங்கியிருந்தாள். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நூற்றிருபது செட் சீருடை தைக்க ஒப்புக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மெஷின் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"மேடம், இந்த மாசத் தவணை பேங்க்ல திரும்பிடுச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள கட்டலேன்னா ஆள் வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவார்."

தவணை நாலாயிரத்து இருநூறு. கணக்கில் அதற்கு நூற்றெண்பதுதான் குறைவாம். பணம் எங்கே போனது?

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரை சும்மா. புதன்கிழமை இருவரும் வங்கிக்குப் போனோம். அதிகாரிக்கு இளவயது. கழுத்தில் அட்டை, முகத்தில் சிரிப்பு. சிரிப்புக்கு மட்டும்தான் அங்கே கட்டணம் கிடையாது.

"மினிமம் பேலன்ஸ் ஐயாயிரம் இருக்கணும் மேடம். உங்க கணக்குல குறைஞ்சிருக்கு. அதான் மாசம் முந்நூற்றைம்பது அபராதம்."

"எத்தனை மாசமா?"

"பதினொண்ணு."

என் மனைவி மனக்கணக்கில் புலி. "மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. அப்புறம்?"

"தவணை திரும்பினதுக்கு ஐந்நூறு. மெசேஜ் அனுப்புற செலவு மாசம் பதினஞ்சு."

பணம் குறைகிறது என்பதால் பணத்தைப் பிடித்து, அதனால் இன்னும் குறைந்து, அதற்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். பசித்தவன் முன்னாலிருந்து தட்டைத் தூக்கிவிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிற கருணை.

அவர் தலைக்குப் பின்னால் கட்டண விவரப் பலகை தொங்கியது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். 'வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, ஒரு மாத அவகாசம் தந்த பின்னரே அபராதம்' என்று கடைசி வரியில் கொசு அளவில் எழுதியிருந்தது.

"எங்களுக்கு ஒண்ணும் தெரிவிக்கலையே சார்?"

"மாசாமாசம் மெசேஜ் போயிருக்கு. நீங்களே பாருங்க." பெருமையாகத் திரையைத் திருப்பினார். வரிசையாகப் பச்சை டிக்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "இது என் நம்பரே இல்லையே. எனக்குக் கடைசியில எழுபத்தொண்ணு. இங்க பதினேழு இருக்கு."

"நீங்க ஃபார்ம்ல அப்படி எழுதியிருப்பீங்க."

"ஃபார்மைக் காட்டுங்க."

"அது தலைமை ஆபீஸ்ல இருக்கு. வர பதினஞ்சு வேலைநாள் ஆகும். நம்பரை மாத்தணும்னா இந்த விண்ணப்பம். ஐம்பது கட்டணும்."

அவர்கள் செய்த தப்பைத் திருத்த நாங்கள் ஐம்பது கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுண்டைக்காயும் கிடையாது.

வெளியே வந்ததும் என் மனைவி அந்தப் பதினேழு நம்பருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பான குரல்.

"யாரு? குழாய் ரிப்பேரா? நாளைக்குத்தான் வர முடியும்."

"இல்லீங்க. பேங்க் மெசேஜ் ஏதாவது உங்களுக்குத் தப்பா வருதா?"

குரல் வெடித்தது. "நீங்கதானா அது! பதினோரு மாசமா உங்க கஷ்டமெல்லாம் என் போன்லதாம்மா வந்து விழுது. என் பொண்டாட்டி, 'எனக்குத் தெரியாம யாருக்கு இன்னொரு கணக்கு வச்சிருக்கே?'ன்னு ரெண்டு நாள் பேசலை."

"அழிச்சிட்டீங்களாண்ணே?"

"அழிக்கிறதா? அவளுக்கு நிரூபிக்கணுமே! எல்லாம் பத்திரமா இருக்கு. பேங்குக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, தப்பான நம்பர்னு சொன்னேன். ஒண்ணை அமுக்கு, ஒன்பதை அமுக்குன்னு பாட்டுப் போட்டுட்டு, புகார் நம்பர் மட்டும் குடுத்தாங்க."

நாங்கள் கேட்டுக்கொண்டதும், வியாழக்கிழமை பையில் ஸ்பேனரோடு எங்களுடன் வந்து நின்றார் குழாய்க்காரர். வங்கியில் நல்ல கூட்டம். அவர் மெதுவாகப் பேசிப் பழகாதவர். மோட்டார் சத்தத்துக்கு நடுவே பேசிய தொண்டை அது.

"முதல் மெசேஜ்! உங்கள் கணக்கில் இருப்பு நாலாயிரத்து எண்ணூறு. ரெண்டாவது! அபராதம் முந்நூற்றைம்பது. மூணாவது..."

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அதிகாரி ஓடிவந்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. இது வாடிக்கையாளரோட ரகசிய விவரம்."

"ரகசியமா? அதை எனக்குப் பதினோரு மாசம் அனுப்புனது யாரு தம்பி? இந்தாங்க, என் புகார் நம்பர்."

அதிகாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு உள்ளே போய்விட்டது. பதினைந்து வேலைநாள் தூரத்தில் இருந்த அந்தப் பழைய ஃபார்ம் ஐந்தே நிமிடத்தில் பின்னறை பீரோவிலிருந்து வந்தது. என் மனைவியின் கையெழுத்தில் அச்சடித்தது போல எழுபத்தொன்று. அளவு எழுதியே பழகிய கை.

"ஏதோ டைப்பிங்ல... நல்லெண்ண அடிப்படையில பாதியைத் திருப்பித் தர்றோம் மேடம். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

மீதியைக் கேட்க மாட்டேன் என்று அந்தத் தாளில் இருந்தது. அவள் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். பாதி வந்தாலே தவணை கட்டலாம், மெஷின் தப்பும்.

"போட்டுடு. நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வந்துடுவான்" என்றேன்.

"சும்மா இருங்க." அவள் அதிகாரியைப் பார்த்தாள். "சார், உங்க சட்டையை நான் தப்பா வெட்டிட்டு, நல்லெண்ணத்துல ஒரு கை மட்டும் திருப்பித் தர்றேன்னா போட்டுக்குவீங்களா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினஞ்சும் இன்னைக்கே கணக்குல ஏறணும். தவணை திரும்பினது உங்க தப்புன்னு மெஷின் கம்பெனிக்கு ஒரு கடிதமும் வேணும். இல்லேன்னா அண்ணன் நாலாவது மெசேஜைப் படிப்பார்."

குழாய்க்காரர் தொண்டையைச் செருமினார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பணம் ஏறியது. கடிதத்தில் 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணம்' என்று எழுதியிருந்தார்கள். எழுபத்தொன்றைப் பதினேழாக்குவது அவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம். அன்றே தவணையைக் கட்டினோம்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு மெஷின் கம்பெனி ஆள் தள்ளுவண்டியோடு வந்தார். கட்டின விவரம் அவருக்குப் போய்ச் சேரவில்லையாம். என் மனைவி மெஷினை நிறுத்தாமலே ரசீதையும் கடிதத்தையும் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். போகவில்லை.

"இன்னும் என்னங்க?" என்றேன்.

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எனக்கும் அதே பேங்க்தான். எட்டு மாசமா அபராதம் பிடிக்கிறாங்க. யாரைப் பார்த்து, என்னன்னு கேட்கணும்?"

"அந்த ஸ்டூல்ல உட்காருங்க தம்பி" என்றாள் அவள். "முதல்ல உங்க நம்பரைச் சொல்லுங்க."